காய்ச்சல் இரகசியம்

கண்ணாடிச் சாடிக்குள் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது தானாக அணையும்வரை கனகேஸ்வரி காத்திருந்தாள். சுடர் கொஞ்சம் நீண்டது, நீலமாகியது, பிறகு செத்தது. சாடிக்குள் இருந்த பிராணவாயுவில் ஒரு பகுதியை அது தின்றிருக்கும். மலேரியாக் கிருமிக்கு அவ்வளவு காற்றுத்தான் பிடிக்கும். திரிக்குப் பக்கத்தில் இருந்த தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் யாரோ ஒருவரின் இரத்தம், ஒவ்வொரு குழியிலும் ஒவ்வோர் அளவு மருந்தோடு கலந்து கிடந்தது. சாடியை உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் தள்ளிவிட்டால், அடுத்த நாள் நுணுக்குக்காட்டியில் விடை தெரியும். மருந்து கேட்டால் கிருமி கருகிக் கிடக்கும். கேட்காவிட்டால் முற்றி, வெடிக்கத் தயாராக இருக்கும்.

சில மாதங்களாக அது முற்றிக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டின் கடைசி மழைக்காலம். வன்னியில் அரசாங்கப் படைக்கும் தமிழ்ப் போராளிகளுக்கும் சண்டை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் போன சனத்தில் ஒரு பகுதி வவுனியாவுக்கு வந்து முகாம்களில் அடைபட்டுக் கிடந்தது. முகாம்களில் காய்ச்சல். முகாமைச் சுற்றிக் காவல் நின்ற படையினருக்கும் அதே காய்ச்சல். கனகேஸ்வரி வேலைசெய்த கொழும்பு ஆராய்ச்சிக்கூடத்துக்கு இரண்டு பக்கத்து இரத்தமும் வந்தது. படையினரின் இரத்தத்தை இராணுவ ஆசுப்பத்திரியிலிருந்து மேஜர் ஹேவகே என்ற வைத்தியர் அனுப்புவார். முகாம் சனத்தின் இரத்தத்தை வவுனியாவிலிருந்து புளோறன்ஸ் என்ற தாதி, லீவில் கொட்டாஞ்சேனையில் உள்ள தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் ரெயிலில் கொண்டுவருவாள். குழாய்களில் ஒட்டியிருக்கும் துண்டைப் பிய்த்துவிட்டால் எது யாருடையது என்று கனகேஸ்வரிக்கே தெரியாது.

அன்று பிற்பகல் புளோறன்ஸின் ரெயில் மருதானைக்கு வரவேண்டும். ஆராய்ச்சிக்கூடத்து வான் வண்டி பழுதாகிக் கராஜில் கிடந்தது. முதல்நாள் வைத்த தட்டுகளைப் பார்க்கும் நேரமும் அதுதான். விட்டால் கிருமி வெடித்துக் கணக்குக் குழம்பிவிடும். அவள் கொள்ளுப்பிட்டிக்கு, கணவர் தியாகராசாவின் கந்தோருக்கு, போன் எடுத்தாள். அவர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. விபத்துக்கு நட்டஈடு கேட்டு வரும் கடிதங்களை வாசித்து, எந்த வசனத்தைக் காட்டி மறுக்கலாம் என்று பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா மருதானைக்குப் போய் புளோறன்ஸிட்ட பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து தருவீங்களோ?"

"ரத்தப் பெட்டியோ? செக் பொயின்றில மறிச்சா நான் என்னெண்டு சொல்லுறது?"

"பெட்டிக்குள்ள என்ரை லெட்டர் இருக்கு. கீழ்வீட்டு மஜீட்டின்ரை திறீ வீலரில வாங்கோ. அவருக்கு எல்லாரையும் தெரியும்."

"எனக்கெண்டா இது சரியாப் படேல்லை, கனகம்." சொன்னார், ஆனாலும் போனார்.

கனகேஸ்வரி தட்டுகளைப் பார்த்து முடித்தாள். மழை வந்து விட்டது. பெட்டி வரவில்லை. தேத்தண்ணி ஆறியது. வாசலில் மஜீட் நின்றார், ஆட்டோ இல்லாமல், சட்டை முதுகோடு ஒட்டியபடி. வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் குடியிருப்பவர்.

"டொக்டர், பதறாதீங்க. நம்ம சேரைப் புடிச்சி வெச்சீக்கிறானுகள்."

"எங்கை?"

"பாலத்துக்கிட்ட, செக் பொயின்ட்ல. இப்ப பொலிசுக்குக் கொண்டு போய்ட்டானுகள். நான் சென்னேன், இது ஆசுப்பத்திரிச் சாமான் மாத்தயா, நம்ம டொக்டர் மிஸ்ஸிட சாமான்னு. பெட்டியைத் தொறந்தான். ரத்தத்தைக் கண்டதும் துவக்கை நீட்டிட்டான். சேர் இங்கிலீசில லெட்டரைப் பத்திச் செல்லப் போனாரு, செல்லவே வுடல்ல. என்ட வண்டியையும் வெச்சிக்கிட்டானுகள். நான் நடந்து வந்தேன்."

அவள் கைகளை எத்தனை தரம் கழுவினாள் என்று தெரியவில்லை. கையில் இரத்தம் இல்லாதபோதும் கழுவினாள்.

பொலிஸ் நிலையத்து முற்றத்தில் மண்மூட்டை அடுக்குக்குள் பெட்டி தனியாக வைக்கப்பட்டிருந்தது. ரெஜிஃபோம் என்கிற வெள்ளை நுரைத் தக்கைப் பெட்டி, நீல நாடா சுற்றியது. பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. குழாய்களுக்கு அடியில் வேறு என்ன இருக்கோ, குண்டு பார்க்கிறவர்கள் வந்துதான் தொடவேண்டுமாம். மழை விட்டு, முகில் கிழிந்து, வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஐஸ் உருகிய தண்ணீர் மூலையால் கசிந்து சிமெந்தில் ஓடியது.

"என் கணவர் எங்கே?" என்று அவள் சிங்களத்தில் கேட்டாள்.

"உள்ளே."

"நான் பார்க்கவேண்டும்."

"மேலிடத்து ஓடர் வரும்வரைக்கும் ஒருவரும் பார்க்க முடியாது, நோனா."

"அந்தப் பெட்டியை நிழலிலாவது வைக்கலாமா?"

சார்ஜன்ட் அவளை மேலும் கீழும் பார்த்தார். "புருஷனைக் கேட்கிறீர்களா, பெட்டியைக் கேட்கிறீர்களா?"

அவள் முகம் சுட்டது. புருஷனைத்தான் கேட்டாள். ஆனால் கண் பெட்டியிலிருந்து விலகவில்லை. அந்தக் குழாய்களுக்குள் முகாம் ஒன்றிலிருந்து வந்த வயிற்றுப்பிள்ளைத்தாய் ஒருத்தியின் இரத்தமும் இருந்தது என்று புளோறன்ஸ் போனில் சொல்லியிருந்தாள். இரண்டு தரம் மலேரியாக் குளிசை குடித்தும் காய்ச்சல் திரும்பி வந்தவள். சூடு ஏறினால் கிருமி செத்துவிடும். பிறகு அந்த இரத்தம் ஒன்றையும் சொல்லாது.

நிலையத்துக்கு எதிரில் இருந்த கடையிலிருந்து மேஜர் ஹேவகேக்கு போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"உங்கள் கணவருக்கு அடி விழாமல் பார்க்கச் சொல்கிறேன்," என்றார் ஆங்கிலத்தில். "அதற்குமேல் என் கையில் இல்லை. உங்களோடு பேச ஒருவர் விரும்புகிறார். இந்தப் பெட்டி இல்லாவிட்டாலும் கூப்பிட்டிருப்பார். நாளை காலை வாருங்கள்."

"எதைப் பற்றி?"

"காய்ச்சலைப் பற்றி."

அன்று இரவு மஜீட்டின் மனைவி ஹமீமா, இடியப்பமும் மீன் சொதியும் தட்டத்தில் மூடிக் கொண்டு மேலே வந்தாள். கடற்கரைப் பக்கமாக ரெயில் போனது. யன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

"கொஞ்சம் சாப்புடுங்க தங்கச்சி. நீங்க பட்டினி கெடந்தா அவர வுட்டுருவானுகளா?"

"இறங்குதில்லை அக்கா."

"எங்கட மனுசன் செல்றாரு, சேரு ஒரு வார்த்த கூட எதுத்துப் பேசல்லயாம். கொடையக் கையில புடிச்சிக்கிட்டே போனாராம்."

அதைக் கேட்டதும்தான் கனகேஸ்வரிக்கு அழுகை வந்தது. தியாகராசா எங்கே போனாலும் குடை கொண்டு போவார். வரிசை மாறி நிற்கமாட்டார். கொழும்பில் இருக்கும் தமிழர் பொலிஸில் பெயர் பதியவேண்டும்; அதற்கும் இவர்கள்தான் ஒழுங்கையில் முதல் ஆளாய்ப் போவார்கள். 'எங்களிட்டை ஒரு பிழையும் இல்லை எண்டு அவையளுக்குத் தெரியோணும்' என்பார். பிழையில்லாத மனுசனைத் அவளுடைய வேலைதான் கொண்டுபோய் உள்ளே தள்ளிவிட்டது. ஹமீமா தட்டத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. விடியும்வரைக்கும் கதிரையிலேயே இருந்தாள்.

மறுநாள் காலை மேஜர் கூட்டிப்போன அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. கொள்ளுப்பிட்டியில், கடலைப் பார்த்த ஒரு மாடி. சீருடை இல்லாமல் சாதாரண சேட்டுப் போட்ட ஒருவர் எழுந்து நின்று வரவேற்றார். தேத்தண்ணி வந்தது. மேஜர் ஹேவகே சுவரோரம் தொப்பியை மடியில் வைத்தபடி இருந்தார். ஆங்கிலத்திலேயே எல்லாப் பேச்சும்.

"மிஸிஸ் தியாகராசா, வடக்கில் நிற்கும் எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குக் காய்ச்சல்?"

"எனக்கு வந்த இரத்தத்தைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்."

"சரி. வந்ததில்?"

"பாதிக்கு மேல் பழைய மருந்து கேட்கவில்லை. குளிசை குடித்து எழும்புகிறார்கள். மாதம் முடிவதற்குள் திரும்பப் படுக்கிறார்கள்."

"எந்தப் பகுதியில் நிற்பவர்கள்?"

அவள் மேஜரைப் பார்த்தாள். அவர் தொப்பியைப் பார்த்தார். "அது குழாயில் எழுதியிருக்கும்," என்றாள்.

அந்த மனிதர் பேனையை மேசையில் வைத்தார். குரலில் கோபம் இல்லை. "ஒரு படையில் எத்தனை பேர் எழுந்து நிற்க முடியாமல் படுத்திருக்கிறார்கள், எந்த இடத்தில் படுத்திருக்கிறார்கள் என்று அறிய மற்றப் பக்கம் என்னவும் செய்யும். உங்களுக்கு அது வேலையோடு வேலையாகத் தெரிகிறது. நீங்கள் யாழ்ப்பாணம். வவுனியாவிலிருந்து ஒரு பெண் உங்களிடம் பெட்டி கொண்டு வருகிறாள், திரும்பிப் போகிறாள். என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?"

"நான் நோயைப் பார்க்கிறேன். ஆட்களை எண்ணவில்லை."

"நோயை எண்ணினால் ஆட்களையும் எண்ணியதுதான்."

அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் அவளைப் பயப்படுத்தியது. ஒரு நாளும் அவள் அப்படி யோசித்ததில்லை. ஆனால் குழாய்களை இடத்தின்படி அடுக்கி வைத்தால் யாரும் வாசிக்கலாம். அவளே வாசிக்கலாம்.

"ஒன்று சொல்லவேண்டும்," என்றாள். "முகாமில் ஒருத்தியைக் கடித்த நுளம்புதான் பிறகு காவலரணில் நிற்பவரைக் கடிக்கிறது. சனத்தின் உடம்பில் கிருமியை விட்டுவிட்டு உங்கள் ஆட்களைக் குணப்படுத்த முடியாது. இரண்டாவது மருந்து இருக்கிறது. முகாமுக்கும் அதைக் கொடுக்கவேண்டும்."

"இருப்பது கொஞ்சம். முதலில் படைக்கு."

"அப்போ சனத்துக்கு?"

"அது வேறு அமைச்சு."

"அந்த அமைச்சுக்காவது நான் எழுதலாமா? முகாமில் வேலைசெய்யும் வெளிநாட்டு வைத்தியர்களுக்குத் தெரிந்தால் அவர்களே மருந்தை வெளியிலிருந்து எடுப்பிப்பார்கள்."

"பழைய மருந்து கேட்கவில்லை என்று வெளிநாட்டுக்காரருக்குத் தெரிந்தால் அடுத்த கிழமை பத்திரிகையில் வரும். எங்கள் ஆட்களும் அதே மருந்தைத்தான் குடித்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று மற்றப் பக்கம் கணக்குப் போட்டுக்கொள்ளும்." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "இனி இந்த ஆராய்ச்சி இராணுவ ஆசுப்பத்திரியில் நடக்கும். இதுவரை கண்டதை நீங்கள் வாயாலோ எழுத்தாலோ ஒருவருக்கும் சொல்லமாட்டீர்கள். கீழே கையெழுத்து."

"என் கணவர்?"

"அது பொலிஸின் வேலை. நான் பேசிப் பார்க்கலாம்."

கடலில் வெயில் தகதகத்தது. கனகேஸ்வரி கையெழுத்து வைத்தாள். வெளியே வரும்போது மேஜர் ஹேவகே படிவரை கூட வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

தியாகராசா அன்று பின்னேரம் வந்துசேர்ந்தார். குடை கையில் இருந்தது. ஒரு பக்கக் காலை ஊன்றாமல் நடந்தார். ஒன்றும் கேட்காதே என்பதுபோல் கையைக் காட்டிவிட்டுக் குளிக்கப் போனார். வாளி வாளியாகத் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவள் சோற்றைப் பிசைந்து, கத்தரிக்காய்ப் பால்கறியைக் குழைத்துக் கோப்பையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"அடிச்சவங்களோ?"

"இல்லை. நிலத்தில இருத்தி வைச்சவங்கள். கால் விறைச்சுப் போச்சு." சாப்பிடத் தொடங்கினார். "திருப்பித் திருப்பி ஒரே கேள்வி. ஆற்றை ரத்தம், ஆருக்கு ரத்தம். எனக்கு என்ன தெரியும்? நான் பொஞ்சாதியின்ரை எண்டன். சிரிச்சாங்கள்."

"என்னால வந்தது."

"உம்மைப் பிழை சொல்லேல்லை. பெட்டி?"

"சரிவராது. சூடேறிப் போச்சு."

அவர் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "உள்ள காவலுக்கு நிண்ட பெடியன் ஒருத்தன், கொன்ஸ்டபிள். வவுனியா டியூட்டி முடிச்சு வந்தவனாம். விடியப்புறம் போல நடுங்கத் துவங்கிட்டான். பல்லுக் கிட்டுது. துவக்கைச் சுவரில சாத்திப்போட்டு, எனக்குக் கிட்ட வந்து குந்தியிருந்து கேக்கிறான், அய்யே, உங்கட நோனா மலேரியா டொக்டராமே, நான் ரெண்டாம் தரமும் குளிசை குடிச்சு முடிச்சிட்டன், ஏன் இன்னும் விடுகுதில்லை எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நீர் வீட்டில புறுபுறுக்கிறதைத்தான். உந்தக் குளிசை இனிக் கேளாது, பெரியாசுப்பத்திரிக்குப் போய் மற்ற மருந்தைக் கேள் எண்டன். என்ரை காலைத் தொட்டான், கனகம். துவக்கு வைச்சிருக்கிறவன்."

அவள் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னாள். கையெழுத்தைச் சொன்னதும் அவர் சாப்பாட்டை நிறுத்தினார்.

"நல்லது. அதோட விடும்."

"புளோறன்ஸ் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரும்பிப் போறாள். முகாமில வெளிநாட்டு டொக்டர்மார் இருக்கினம். ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்..."

"விடும் எண்டு சொன்னனான்."

"அந்தப் பிள்ளைத்தாய்ச்சி மூண்டாந்தரமும் அதே குளிசையைத்தான் குடிப்பாள். அவள் மட்டுமே? மழை இப்பதான் துவங்குது. தை மாசம் நுளம்பு பெருகேக்கை அங்கை என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுகொண்டு வாயை மூடிக்கொண்டு..."

"உம்மடை வாயைத் திறந்தா அவங்கள் உம்மைத்தான் கொண்டுபோவாங்கள். என்னை விட்டமாதிரி உம்மை விடமாட்டாங்கள். நான் இருந்த இடத்தில உம்மை வைச்சு நினைச்சுப் பாக்கச் சொல்லுறீரோ?" கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கத்தியதில்லை. கீழ்வீட்டில் ஹமீமா வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.

அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் வேலைக்குப் போனாள். அவளுடைய சாடிகளையும் தட்டுகளையும் இரண்டு சிப்பாய்கள் பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுபோனார்கள். மெழுகுதிரிகளை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவை எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெருவில் ஜீப் நின்றால் தியாகராசா பத்திரிகையைத் தாழ்த்துவார். அது போனபின்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். புளோறன்ஸ் ஒரு தரம் போன் எடுத்தாள். "மிஸ், பெட்டியில என்னவும் பிழையோ?" "இல்லைப் பிள்ளை, நான் பிறகு கதைக்கிறன்," என்று கனகேஸ்வரி வைத்துவிட்டாள். வைத்த பிறகும் கையை போனிலிருந்து எடுக்கவில்லை.

ஞாயிறு காலை தியாகராசா வேளைக்கே குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக் குடையை எடுத்தார்.

"எங்கை போறியள்?"

"கொட்டாஞ்சேனைக்கு. புளோறன்ஸ் பூசைக்கு அந்தோனியார் கோயிலுக்கு வருவாள் தானே."

கனகேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதவை மறித்து நின்றாள். "வேண்டாம். நீங்கள்தானே விடச் சொன்னனீங்கள்."

"உம்மை விடச் சொன்னனான். நீர்தானே கையெழுத்து வைச்சனீர். நான் வைக்கேல்லையே." கம்பனிக் கடிதம் ஒன்றில் வசனம் பிடித்தவரைப்போல் சொன்னார். "பூசைக்குப் போன இடத்தில தெரிஞ்ச பிள்ளையைக் கண்டன், காய்ச்சல் கதை கதைச்சன். பழைய குளிசை கேளாதாம், மற்றதைக் குடுக்கச் சொல்லு எண்டன். ஆமியைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லமாட்டன். சொன்னா அந்தப் பிள்ளைக்குத்தான் ஆபத்து."

"நீங்கள் சைவசமயத்து ஆள். அந்தக் கோயிலுக்கு ஏன் போனனீங்கள் எண்டு கேட்டா?"

"பொலிஸ் விட்டதுக்கு அந்தோனியாருக்கு நேர்த்தி எண்டு சொல்லுவன். கொழும்பில ஆர் போறேல்லை?"

"பயமில்லையோ?"

"ஏன் இல்லை?" குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். "அந்தக் கொன்ஸ்டபிளுக்குச் சொன்னதை அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொல்லாமல் விடுறது எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. வழியை விடும்."

அவள் விட்டாள். மஜீட்டின் திறீ வீலர் ஒழுங்கையால் திரும்பும் சத்தம் கேட்டது.

அந்தப் பகல் அவளுக்கு ஓடவில்லை. அரிசியைக் களைந்து களைந்து தண்ணீர் தெளிந்தபிறகும் களைந்தாள். மீனை வெட்டினாள், உப்புப் போட மறந்தாள். கோட்டைப் பக்கம் தெருவை மூடிச் சோதிக்கிறார்களாம் என்று ஹமீமா படியில் வந்து சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருந்தி நின்றாள். இரண்டு பெண்களும் படியிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கடலிலிருந்து மழை ஏறி வந்தது. ஹமீமாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. மஜீட்டும் போயிருக்கிறார் என்பது கனகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னை ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்தில் இருக்கிறாளே என்று ஹமீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் கழித்து, நனைந்துபோய் இருவரும் வந்தார்கள்.

"சொல்லிட்டன்," என்றார் தியாகராசா, தலையைத் துவட்டியபடி. "எழுதக் கடதாசி எடுத்தாள். வேண்டாம் எண்டன். ரெண்டு மூண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பாத்தாள். பிறகு சொன்னாள், தான் ரெயில் ஏறின அண்டைக்கு விடியவே அந்தப் பிள்ளைத்தாய்ச்சி மலேரியாவோட குறைமாசத்தில பெத்ததெண்டு வவுனியாவில இருந்து போன் வந்ததாம். பிள்ளை தப்பேல்லை. தாய் இருக்கிறாளாம்."

கனகேஸ்வரி சுவரில் சாய்ந்தாள். பெட்டி மருதானைக்கு வந்தபோதே காலம் கடந்துவிட்டிருந்தது. வெயிலில் அந்தப் பெட்டியை அவள் பார்த்துக்கொண்டு நின்றது எல்லாம் வீண். ஆனால் தாய் இருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

தைப்பொங்கல் கழிந்தது. ஒருவரும் தேடி வரவில்லை. அதனால் பயம் குறையவும் இல்லை. ஒரு மாலை போன் அடித்தது. தியாகராசா குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கனகேஸ்வரி எடுத்தாள்.

"ஹேவகே பேசுகிறேன்," என்றது குரல். "வவுனியா முகாம்களில் வெளிநாட்டு வைத்தியர்கள் புது மருந்து கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களே எடுப்பித்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று இங்கே பேச்சு. என்னைக் கேட்கச் சொன்னார்கள். நீங்கள் சொன்னீர்களா?"

கை ஈரத்தோடு தியாகராசா குசினி வாசலில் வந்து நின்றார். தண்ணீர் விரல்களால் நிலத்தில் சொட்டியது.

"நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, மேஜர்."

"அப்படித்தான் எழுதுவேன்," என்றார். பிறகு, வைப்பதற்கு முன், அவசரமாக, "என் வார்ட்டில் இந்தக் கிழமை திரும்பிப் படுத்தவர்கள் குறைவு. முகாமுக்கு அந்த மருந்து போகுமுன் இப்படி இருக்கவில்லை." போன் துண்டிக்கப்பட்டது.

"ஆர்? என்னவாம்?"

"நான் சொன்னனானோ எண்டு கேட்டவர்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"உண்மையைத்தான்."

தியாகராசாவுக்கு ஒரு கணம் எடுத்தது. பிறகு, அந்த மருதானை நாளுக்குப் பிறகு முதல் தரமாக, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், ஈரக் கையாலேயே முன்கதவுத் தாழ்ப்பாளை ஒருக்கா இழுத்துப் பார்த்தார்.